குளிர்ப் பட்டறையில் செய்த கதவு சமவெளியில் வெடித்தது: காரணம் குளிரா, மரமா, என் கைவேலையா?

சூரியநெல்லிப் பட்டறை | 4 மே

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியில், சூரியநெல்லிக்குப் போகும் சாலையோரம், தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட சிறு பட்டறை ஒன்றை ஏழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மார்கழி, தை மாத இரவுகளில் பட்டறைக்குள் தொங்கும் வெப்பமானி 6, 7 டிகிரி வரை இறங்கிவிடும். பகலில் வெயில் வந்தால் 20ஐத் தாண்டும்.

சென்ற ஐப்பசியில், சமவெளியில் உள்ள போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக்குப் பூஜையறைக் கதவு இரண்டு இலைகள் செய்து தர ஒப்புக்கொண்டேன். தேக்குப் பலகையைப் போடியிலேயே வாங்கி மேலே கொண்டுவந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் பட்டறையில் அடுக்கி வைத்திருந்து, மார்கழியில் வேலையை முடித்து, தை பிறந்தவுடன் கொண்டுபோய் மாட்டினேன். நிற்சட்டமும் குறுக்குச் சட்டமும் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றின் முனையில் வெட்டிய நாக்கு மற்றதன் துளைக்குள் இறங்கும்படி, பொருத்தப்பட்டவை. நடுவில் 350 மி.மீ. அகலப் பேனல், இரண்டு பலகைகளை ஒட்டிச் சேர்த்தது. உறுதியாக இருக்கட்டும் என்று பேனலின் நான்கு விளிம்பிலும் பசை வைத்து, சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) இறக்கினேன்.

பங்குனி முடிவதற்குள் ஒரு பேனல் மேலிருந்து கீழாக வெடித்துவிட்டது. வெடிப்பு 3 மி.மீ. அகலம். வியப்பு என்னவென்றால், நான் ஒட்டிய இணைப்பு அப்படியே இருக்கிறது. அதற்கு இரண்டு விரல் தள்ளி முழு மரம் பிளந்திருக்கிறது. மற்றோர் இலையில் கீழ்க் குறுக்குச் சட்டத்தின் கழுந்து துளையிலிருந்து நழுவிக்கொண்டு வருகிறது. வாசல் மேல் வைத்த படச்சட்டத்தின் நான்கு மூலைகளும் உட்பக்கமாக வாய் திறந்திருக்கின்றன. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

குளிரில் சுருங்கிய மரம் சமவெளி வெப்பத்தில் விரிந்து வெடித்ததா? பட்டறையைச் சூடாக்கினால் இது தீருமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

போடி மரக்கடை | 4 மே

தம்பி, மரம் எங்கள் கடையில் வாங்கியதா வேறு கடையா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சூளையில் உலர்த்தி 10 சதவீத ஈரத்தில் அனுப்பிய பலகையானாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைமேல் இரண்டு மாதம் திறந்து கிடந்தால் அது 10 சதவீதமாகவே இருக்காது. உலர்த்திய மரம் மறுபடி ஈரம் குடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்பளம் போன்றது. எத்தனை முறை காய வைத்தாலும் சாரல் காற்றுப் பட்டால் நமத்துப் போகும்.

குமுளி டீச்சர் | 5 மே

நான் தச்சு வேலை அறிந்தவள் அல்ல; இயற்பியல் கற்பிப்பவள், ஓய்வு நேரத்தில் சிறு அலமாரிகள் செய்து பார்ப்பவள். கேள்வியில் உள்ள ஒரு கருத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன், ஏனெனில் அதைத் திருத்தாமல் விட்டால் தீர்வும் தவறான திசையில் போய்விடும்.

வெப்பத்தால் மரம் விரிவது உண்மைதான், ஆனால் அது மிகச் சிறிது. 300 மி.மீ. அகலப் பலகை 20 டிகிரி சூடேறினால் நாருக்குக் குறுக்கே கால் மில்லிமீட்டர் கூட விரியாது. அதே பலகையின் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால், தேக்காகவே இருந்தாலும், வளையங்கள் அகலத்துக்கு இணையாக ஓடும்படி அறுத்த பலகை ஏறத்தாழ 4 மி.மீ. சுருங்கும், வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை 2 மி.மீ. சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் ஏதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கதவு சமவெளியில் விரிந்து வெடிக்கவில்லை; சுருங்க முயன்று, நான்கு பக்கமும் பசையால் கட்டிப் போடப்பட்டிருந்ததால், தன்னைத்தானே கிழித்துக்கொண்டது. 350 மி.மீ. பேனலுக்கு 3 மி.மீ. வெடிப்பு என்பது கணக்கோடு ஒத்துப் போகிறது.

படச்சட்டத்தின் மூலைகள் உட்பக்கமாகத் திறந்திருப்பதும் அதே சாட்சியம்தான். சட்டத்தின் அகலம் குறைந்து நீளம் மாறாமல் இருந்தால், 45 டிகிரியில் வெட்டிய முனை 45க்குச் சற்றுக் கீழே போகும். வெளிமுனைகள் தொட்டுக்கொண்டிருக்க, உள்ளே வாய் திறக்கும். ஈரம் ஏறியிருந்தால் வெளிமூலை திறந்திருக்கும். ஆகவே ஒரு சட்டத்தின் மூலையைப் பார்த்தே அது செய்த இடத்தைவிட உலர்ந்த இடத்துக்கு வந்ததா, ஈரமான இடத்துக்கு வந்ததா என்று சொல்லிவிடலாம்.

குளிர் எங்கே வருகிறது என்றால், காற்றின் வழியாக வருகிறது. ஒரு கன மீட்டர் காற்று 5 டிகிரியில் அதிகபட்சம் 6.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17.3 கிராம், 30 டிகிரியில் 30.4 கிராம். குளிர்காற்றில் உள்ள நீர் குறைவானாலும், தன் கொள்ளளவுக்கு அது நிரம்பிக் கிடக்கிறது. மரம் பார்ப்பது அந்த நிரம்பலைத்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நீடித்தால் மரம் 12 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 என்றால் 16. 90 என்றால் 20. 40 என்றால் 8க்கும் கீழே. மலையில் மழை மாதங்களில் உங்கள் தேக்கு 15, 16 வரை ஏறியிருக்கும். பங்குனியில் போடி வீட்டில் அது 9க்கு வந்திருக்கும்.

சூரியநெல்லிப் பட்டறை | 5 மே

மிக்க நன்றி, டீச்சர். மூலை திறந்த பக்கத்தை நான் கவனித்து எழுதியது தற்செயல்தான். அதில் இவ்வளவு செய்தி இருக்கும் என்று தெரியாது. அப்படியானால் குளிர்காலத்தில் பட்டறையைச் சூடாக்கி மரத்தை 9 சதவீதத்துக்கே கொண்டுவந்து வேலை செய்துவிடலாமா? ஒரு கேஸ் ஹீட்டர் வாங்க எண்ணியிருக்கிறேன்.

குமுளி டீச்சர் | 6 மே

கேஸ் ஹீட்டர் வேண்டாம். ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி வெளியே வரும். புகைபோக்கி இல்லாமல் பட்டறைக்குள் எரித்தால் அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த இரும்புக் கிளாம்பிலும் இழைப்புளி அடித்தட்டிலும் வியர்வையாகப் படியும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. மின்சார ஹீட்டர் நீராவி சேர்க்காது, ஆனால் அதற்கு வேறு குறை உண்டு. 5 டிகிரியில் நிரம்பிய காற்றை அப்படியே 20க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே சரியும். காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஆறு மணிக்கு அணைத்தால், மரத்தின் மேற்பரப்பு ஒவ்வொரு நாளும் பாலைவனத்துக்கும் பனிமூட்டத்துக்கும் போய்த் திரும்பும்.

எஸ்டேட் ஆசாரி (ஓய்வு) | 8 மே

டீச்சர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது. கையில் பட்டது தெரியும். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டு இருந்தேன். லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கதவு, பங்களா ஜன்னல், தொழிற்சாலை மேசை, பள்ளிக்கூடத்து பெஞ்சு என்று எல்லாம் செய்திருக்கிறோம். சூடாக்குவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில், சில்வர் ஓக் பலகை சீக்கிரம் காயட்டும் என்று தொழிற்சாலையின் பாய்லர் சுவரோரம் அடுக்கினேன். தேயிலைக் கொழுந்து வாடுவது போல மரமும் வாடிவிடும் என்று நினைத்த அறிவு எனக்கு. பத்து நாளில் மேல்தோல் காய்ந்து, உள்ளே பச்சையாகவே இருந்து, இரு முனையும் ஒரு சாண் வெடித்து, பாதி அடுப்புக்குப் போயிற்று. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அந்தப் பலகைகளை என் கண்ணெதிரிலேயே அறுக்கச் சொன்னார்.

இப்போது தம்பியின் வேலைக்கு வருகிறேன். குளிர்ப் பட்டறையில் செய்வது குற்றம் இல்லை. பேனலுக்குப் பசை வைத்ததுதான் குற்றம். காடி எதற்கு வெட்டுகிறோம்? பலகை அதற்குள் போய் வருவதற்கு. பசை சட்டத்துக்கும் கழுந்துக்கும் மட்டுமே. பேனல் ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேலும் கீழும் நடுமையத்தில் ஒரே ஒரு மூங்கில் ஆணியோ ஒரு சொட்டுப் பசையோ போதும். அப்போது இரு பக்கமும் சமமாகச் சுருங்கும், சமமாக விரியும். கேரளத்துப் பழைய கடைகளில் எண் எழுதிய நிரப்பலகைகளைக் காடியில் வரிசையாக இறக்கிக் கடை சாத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். ஆடி மாதம் அவை இறுகிக்கொண்டு நகராமல் அடம் பிடிக்கும், மாசியில் கடகடவென்று ஆடும். ஆனால் நூறு வருஷப் பலகையிலும் நடுவில் வெடிப்பைப் பார்ப்பது அரிது, ஏனென்றால் எந்தப் பலகையையும் யாரும் கட்டிப் போடவில்லை.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது செய்யும் மாதத்தைப் பொறுத்தது. இதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். சாரல் மாதத்தில், மரம் ஊதிக் கிடக்கும்போது செய்தால், பேனலைக் காடியின் அடி வரைக்கும் ஏறக்குறைய இறக்கலாம். அது இனி சுருங்கத்தான் போகிறது, காடியிலிருந்து வெளியே வந்துவிடாதபடி ஆழம் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் உலர்ந்த மரத்தில் செய்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆடியில் பலகை ஊதிச் சட்டத்தின் மூலையையே பிளந்துவிடும். நாங்கள் காடியை 12 மி.மீ. ஆழத்துக்குக் குறைத்ததில்லை. சட்டத்தில் பூட்டும் முன்பே பேனலின் விளிம்பு வரை பாலிஷ் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால், சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்து நம் மானத்தை வாங்கும்.

கீழ்க் குறுக்குச் சட்டம் நழுவியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். அதன் அகலம் என்ன? ஒரே அகலக் கழுந்தாக வெட்டினீர்களா? பசை எந்த நேரத்தில் போட்டீர்கள்?

சூரியநெல்லிப் பட்டறை | 8 மே

வணக்கம் ஐயா. குறுக்குச் சட்டத்தின் அகலம் 225 மி.மீ., ஒரே கழுந்து. பசை வெள்ளைப் பசைதான். கிளாம்ப் போட்டது மார்கழியில், மாலை ஏழு மணிக்கு மேல். இரவு முழுவதும் அப்படியே விட்டேன். நழுவிய கழுந்தைப் பார்த்தால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது.

எஸ்டேட் ஆசாரி (ஓய்வு) | 9 மே

அந்த வெள்ளைப் பொடி குளிரின் வேலை. இந்தக் கதவில் குளிரை நேரடியாகக் குற்றம் சாட்டக்கூடிய ஒரே இடம் அதுதான். 10 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைப் பசைகள் பலவற்றின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகச் சேர்வதில்லை, நீர் போன பிறகு பொடியாக நின்றுவிடும். எத்தனை நேரம் கிளாம்ப் போட்டாலும் பயனில்லை. டப்பாவின் மேலேயே குறைந்தபட்ச வெப்பநிலை அச்சிட்டிருக்கும். காற்று மட்டுமல்ல, மரமும் பசையும் அந்த வெப்பத்தில் இருக்க வேண்டும். மார்கழியில் நாங்கள் பசை வேலையைக் காலை பதினொன்றுக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவோம். சட்டங்களை வெயிலில் அல்ல, வெயில் பட்ட திண்ணையின் நிழலில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்போம். இரவில் கிளாம்புகளின் மேல் கம்பளி போர்த்துவோம். வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சிய காலத்தில் இது இன்னும் கடினம். கழுந்தை அடுப்பருகே காட்டிச் சூடாக்காவிட்டால், தூரிகை எடுத்து வைப்பதற்குள் வச்சிரம் இறுகிவிடும்.

225 மி.மீ. கழுந்தை ஒரே துண்டாக ஒட்டக் கூடாது. சட்டத்தின் அகலம் சுருங்கும், துளை வெட்டிய நிற்சட்டம் அந்தத் திசையில் சுருங்காது. நடுவே பசைதான் அறுபட வேண்டும், அல்லது சட்டம் வெடிக்க வேண்டும். இரண்டு கழுந்தாகப் பிரித்து, இடையில் குட்டைக் கழுந்து விட்டு, ஒன்றை மட்டும் இறுக ஒட்டி, மற்றதன் துளையை இரண்டு மில்லிமீட்டர் நீளமாக்கி ஆப்பு இல்லாமல் விடுங்கள்.

மறையூர் இளையவன் | 11 மே

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு, ஆகவே இங்கேயே எழுதுகிறேன். மறையூர் மழை மறைவுப் பகுதி என்பதால் பட்டறை எப்போதும் உலர்ந்தே இருக்கும். சென்ற ஆண்டு மாசியில் ஆஞ்சிலி மரத்தில் ஆறு இழுப்பறைகள் கொண்ட மேசை ஒன்று செய்து, காகிதம் நுழையும் அளவு இடைவெளி விட்டு, மிகப் பெருமையோடு மூணாறுக்கு அனுப்பினேன். ஆனி பிறந்ததும் ஓர் இழுப்பறையும் திறக்கவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்தான். இழுப்பறையின் அடியில் போட்ட பலகையின் நார் முன்பின்னாக ஓடும்படி வைத்திருந்தேன். அது பக்கவாட்டில் ஊதி இருபுறச் சுவரையும் தள்ளிவிட்டது. நார் இடவலமாக ஓடும்படி வைத்து, பின்பக்கம் மட்டும் திறந்து விட்டிருந்தால் ஊதியது பின்னால் போயிருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கொச்சி வார்னிஷ்காரர் | 12 மே

இவ்வளவு யோசனை எதற்கு? ஆறு பக்கமும் நல்ல பியூ (பாலியூரிதேன்) பூச்சு இரண்டு கோட் கொடுத்துவிட்டால் ஈரம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

குமுளி டீச்சர் | 12 மே

பூச்சு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ஒரு நாள் இரவுப் பனிக்கும் பகல் வெயிலுக்கும் இடையே பலகை ஆடுவதை அது நன்றாகவே தடுக்கும், அந்த வகையில் நீங்கள் சொல்வது பயனுள்ளது. ஆனால் மூன்று மாத மழைக்கும் மூன்று மாதக் கோடைக்கும் எந்தப் பூச்சும் ஈடு கொடுப்பதில்லை. ஆறு பக்கமும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் அடிக்கோடிடுகிறேன்: முன்பக்கம் பளபளப்பாகப் பூசி, சுவர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிப் பலகை தட்டுப் போல வளையும்.

போடி மரக்கடை | 13 மே

ஈரமானி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர் 20 டிகிரிச் சூட்டுக்கு அளவு வைத்துச் செய்யப்பட்டது. குளிர்ந்த மரம் மின்சாரத்தை இன்னும் குறைவாகக் கடத்துவதால், 6 டிகிரியில் உள்ள பலகையில் அது உண்மையைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைத்தே காட்டும். மார்கழிக் காலையில் 13 என்று பார்த்துவிட்டு மகிழ வேண்டாம்.

குமுளி டீச்சர் | 13 மே

மீட்டர் இல்லாதவர்களுக்கு அடுக்களைத் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாகப் போய்வருவதால், உள்ளேயிருந்து ஒரு துண்டு அறுத்து எடையிடுங்கள். 103 டிகிரிச் சூட்டில் ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து மறுபடி எடையிடுங்கள். 462 கிராம் இருந்தது 400 ஆனால், 62ஐ 400ஆல் வகுத்து, 15.5 சதவீதம். அதற்கும் வசதியில்லை என்றால், அடுக்கில் ஒரு பலகையை மட்டும் வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை மாறாமல் நின்றால் பட்டறைக் காற்றோடு அது சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள்.

எஸ்டேட் ஆசாரி (ஓய்வு) | 15 மே

எங்கள் பட்டறையில் தராசும் இல்லை, மீட்டரும் இல்லை. அகலத் தேக்குப் பலகையின் முனையிலிருந்து விரற்கடைத் தடிப்பில் குறுக்காக ஒரு துண்டு அறுத்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தோம். மறு ஓரம் எங்கே நிற்கிறது என்று மாதப் பிறப்பன்று சுவரில் பென்சில் கோடு போடுவோம். ஓர் அடி அகலத் துண்டில் மாசிக் கோட்டுக்கும் ஆடிக் கோட்டுக்கும் 4 மி.மீ. இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அந்தச் சுவரைக் காட்டிவிட்டுத்தான் உளியைக் கையில் கொடுப்பேன்.

இன்னும் சில பழக்கங்கள். பலகையை ஒரே நாளில் இறுதி அளவுக்கு இழைக்கக் கூடாது. இரண்டு, மூன்று மி.மீ. கூடுதலாக அறுத்து, இடைக்குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரம் விட்டால், தனக்கு வளைய வேண்டியதை அது வளைந்து முடிக்கும். பிறகு இழைத்து நேராக்கலாம். இழைக்கும்போது இரு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். இழைத்த பலகையை மேசைமேல் தட்டையாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, மேல்பக்கம் மட்டும் பனி குடித்துக் காலையில் மேல்நோக்கிப் புடைத்து வளைந்து கிடக்கும். நிமிர்த்திச் சாய்த்து வைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் தாளில் முழுவதும் சுற்றி வைக்கலாம். கழுந்து வெட்டினால் அன்றைக்கே பூட்ட வேண்டும். முதல் நாள் மாலை வெறுங்கையால் தள்ள உள்ளே போன கழுந்து, மறுநாள் காலை கொட்டாப்புளிக்கும் அசையாது. அவசரக்காரன் அதைச் சீவுவான், பத்து மணிக்கு வெயில் வந்ததும் அது லொடலொடவென்று ஆடும்.

மரமும் முக்கியம். கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) மலிவு என்று பேனலுக்குப் போடாதீர்கள். அது சுருங்குவதும் முறுக்குவதும் தேக்கைப் போல இரண்டு பங்கு. எரிக்கவும் கம்பம் நடவும் அது நல்ல மரம்.

சூரியநெல்லிப் பட்டறை | 2 ஜூன்

போடிக்குப் போய், கதவைக் கழற்றி, வீட்டுத் திண்ணையிலேயே திருத்தினேன். மலைக்குக் கொண்டுவந்து திருத்தினால் மறுபடி அதே கதைதான் என்பதால் இந்த முடிவு. வெடித்த இடத்தில் நேராக அறுத்து ஒட்டி, அகலக் குறைவுக்கு ஒரு பட்டை சேர்த்து, காடியை ஆழப்படுத்தி, ஆசாரி ஐயா சொன்னபடி உலர்ந்த மாதமாதலால் பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டு, நடுவில் மூங்கில் ஆணி மட்டும் அடித்தேன். கீழ்ச் சட்டத்தை இரட்டைக் கழுந்தாக மாற்றினேன். படச்சட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் கூலி கொடுக்க வந்தார். வாங்கவில்லை, ஆனால் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். பேனலின் ஓரத்தில், சட்டம் தொடும் இடத்தில், மெல்லிய பென்சில் கோடு ஒன்று இட்டு வந்திருக்கிறேன்.

சூரியநெல்லிப் பட்டறை | 20 நவம்பர்

ஐப்பசி மழைக்குப் பிறகு போடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பென்சில் கோடு சட்டத்துக்குள் ஒளிந்துவிட்டது. மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்ததில் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே போயிருக்கிறது. கழுந்து அசையவில்லை, படச்சட்டத்தின் மூலைகளில் நகம் நுழையவில்லை. இப்போது போடியிலிருந்து வாங்கும் மரத்தைச் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே மேலே கொண்டுவருகிறேன். சமவெளி வீட்டுக்கான பேனல்களை மார்கழியில் செய்தால், அவை சுருங்கும் என்ற கணக்கோடுதான் காடி வெட்டுகிறேன்.

ஓர் அடி அகலத் தேக்குத் துண்டு ஒன்றையும் அறுத்து வைத்திருக்கிறேன், ஐயா. எந்தச் சுவரில் மாட்டலாம்?

எஸ்டேட் ஆசாரி (ஓய்வு) | 21 நவம்பர்

மேற்குச் சுவர் வேண்டாம், ஆனி, ஆடிச் சாரல் அங்கேதான் அடிக்கும். பலகை அடுக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அடுக்கின் நடு உயரத்துக்கு மாட்டுங்கள். முதல் கோட்டைக் கார்த்திகை என்று எழுதிப் போடுங்கள், தம்பி.